இளவேனிலில் எதை நடுவது?

தமிழ் நூலோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனப்படும். இதனை வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், வைகாசியிலே எங்கள் ஒழுங்கையில் வெள்ளமல்லவா நிற்கிறது? அது எப்படி வேனில் ஆகும்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனினும், அவன் வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. கொட்டாஞ்சேனையிலே வீட்டுத் தோட்டம் செய்ய விரும்பும் எவரும் முதலில் விடைகாண வேண்டிய வினா அதுவேயாகும்.

பெரும்பொழுதுகள் தமிழகத்து வானத்தை நோக்கி வகுக்கப்பட்டவை. நம்மிற் பலருக்குப் பூர்வீகமான யாழ்ப்பாணமும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையையே பெரிதும் நம்பியிருப்பது. கொழும்போ ஈரவலயத்தைச் சேர்ந்தது. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. பங்குனி, சித்திரையிற் காலை வெயிலும் மாலை இடிமழையும் உண்டு. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் பெருமழை பெய்யும். ஆதலின், ஊரிலே பாட்டனார் நட்ட காலத்தையும் விதைப் பொதியின் மேலுள்ள படத்தையும் நம்பி இங்கு நடுவோர் ஏமாறுவர்.

நானும் அவ்வாறு ஏமாந்தவனே. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மரக்கறி விலை பெரிதும் ஏறிற்று. வீட்டிலே பயிரிடுமாறு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் அளிக்கப்பட்டது. அக்காலத்திலே எட்டுத் தக்காளிக் கன்றுகளை உரப்பைகளில் நட்டேன். அவை செழித்துப் பூத்தன, பூக்களோ உதிர்ந்தன. தக்காளி நன்கு காய் பிடிப்பதற்கு இரவிலே குளிர்ச்சி வேண்டும். கொழும்பின் இரவு வெப்பமோ 25 பாகை செல்சியஸை ஒட்டியது. எஞ்சிய செடிகளும் அடைமழையில் வாடி மடிந்தன. அதே முற்றத்தில், என் தாயார் தண்ணீர்க் குழாயடியில் ஊன்றிய பசளித் தண்டு மதிலிலே படர்ந்து, வாரம் இருமுறை எங்களுக்குக் கறியாயிற்று. அன்று அடுக்களையைத் தாங்கியது நான் தேர்ந்த பயிரன்று, அவர் தேர்ந்ததே.

ஆகவே, நடுமுன் முற்றத்தில் வெயில் விழும் நேரத்தை அளந்தறிதல் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் கிடைக்குமாயின் வெண்டி, பயிற்றை, பாகல், புடல், கத்தரி, மிளகாய் என்பன நடலாம். வெண்டி ஏறத்தாழ 50 நாளிலும், பயிற்றை 60 நாளிலும் பயன் தரத் தொடங்கும். இவற்றைப் பங்குனியிலே மேட்டுப்பாத்தியில் ஊன்றினால், வைகாசி மழைக்கு முன் வேர் வலுப்பெறும். முளைக்கீரையையும் அப்பொழுதே விதைத்து ஒரு மாதத்துள் அறுத்துவிடலாம். பிந்தினால் அதன் நுண்ணிய விதைகளைப் பெருமழை அடித்துச் செல்லும்.

வீடுகள் நெருங்கிய நம் ஒழுங்கைகளில் மூன்று நான்கு மணி நேர வெயிலே கிடைத்தல் இயல்பு. அவ்விடத்துக்குப் பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் என்பனவே தக்கன. இவை மழையை விரும்புவன. தண்டையோ வேர்விட்ட கொடியையோ ஊன்றினாற் போதும். கிள்ளக் கிள்ளத் தழைப்பன.

கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி என்பன நுவரெலியா, வெலிமடைக் குளிருக்கு உரியன. அவற்றைச் சந்தையில் வாங்குதலே சிக்கனம். முருங்கை நம் நெஞ்சுக்கு இனியதெனினும், அதன் வேர் தேங்குநீரைப் பொறாது.

இன்னொன்றும் மறத்தலாகாது. சாடிகளின் கீழுள்ள தட்டிலும், சிரட்டையிலும், தகரப்பேணியிலும் ஒரு வாரம் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2017ஆம் ஆண்டிலே இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் அந்நோய்க்கு ஆளாயினர். பைகளின் அடியிலே துளையிடுக, தட்டுகளை அகற்றுக. கீரைக்காக வைத்த நீர் அயல்வீட்டுக் குழந்தைக்கு நோயாகலாமா?

வினவிய மாணவனிடம், ஒரு வாரம் தன் வீட்டு முற்றத்து வெயிலைக் குறித்து வருமாறு பணித்தேன். நான்கு மணி நேரம் என்று எழுதிக்கொண்டு வந்தான். பசளித் தண்டொன்றை ஒடித்து அவன் கையிற் கொடுத்தேன். இதழை வாசிக்கும் அன்பர்களும் இப்பங்குனியில் அவ்வாறே அளந்து பார்ப்பாராக.