கல்வாழையைப் பிரித்து நடுதல்

வடஇந்திய நகரங்களில் சாலைகளின் நடுத்திட்டிலும், பூங்காக்களிலும், பள்ளி மதிலோரத்திலும் அகன்ற இலைகளோடு சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் செடி ஒன்று உண்டு. தோட்டக்காரர்கள் அதனைக் கேனா என்பர். தமிழில் அதன் பெயர் கல்வாழை. அதன் இலை வாழையிலையைப் போன்றிருக்கும்; விதையோ கருநிறத்தில் உருண்டையாக, கல்லைப் போலக் கடினமாக இருக்கும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே இதன் தாயகம். ஆயினும் இன்று இந்தியாவில் இதனைக் காணாத ஊர் அரிது.

நட்ட முதல் ஆண்டில் கல்வாழை செழித்துப் பூக்கும். மூன்று நான்கு ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டால் தூறு பெருக்கும். பூக்களோ சிறுத்துக் குறையும். எருவும் நீரும் கூட்டிக் கொடுத்தாலும் பெரும்பயன் விளையாது. அதற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் இருப்பது போலக் கல்வாழைக்கும் மண்ணுக்கடியில் கிடையாக வளரும் தண்டு உண்டு. பார்வைக்குக் கிழங்கு போலவோ வேர் போலவோ தோன்றினாலும் அது தண்டே. அதில் கணுக்களும் மொட்டுகளும் இருப்பதே அதற்குச் சான்று. அறிவியல் நூல்கள் அதனை மட்டநிலத்தண்டு என்று குறிக்கும். அதிலிருந்து மேலெழும் ஒவ்வொரு தண்டும் நுனியில் பூத்து ஓய்ந்தபின் மீண்டும் பூப்பதில்லை. அதன் அருகில் புதுக்குருத்து எழும்பும். வாழையடி வாழை என்று தமிழர் சொல்வது இதற்கும் பொருந்தும். ஆனால் புதுக்குருத்துகள் வெளிப்புறமாகவே பரவுவதால், தூறின் நடுவில் பூத்து ஓய்ந்த பழைய தண்டுகளே நெருங்கிக் கிடக்கின்றன. இடமும் ஊட்டமும் போதாமல் செடி தன்னைத் தானே நெருக்கிக்கொள்கிறது. இந்நெருக்கத்தைத் தீர்க்கும் வழியே பிரித்து நடுதல்.

காலம் அறிந்து செய்வதே இதில் முதன்மையானது. தில்லி, லக்னோ போன்ற சமவெளி நகரங்களில் பிப்ரவரி இறுதியும் மார்ச்சு மாதமும் ஏற்றவை. அப்போது குளிர் நீங்கி மொட்டுகள் விழிக்கத் தொடங்கும். அதனைத் தவறவிட்டால் பருவமழை தொடங்கும்வரை காத்திருத்தல் நலம். மே மாத அனல்காற்றில் பிரித்த துண்டுகள் வேர்விடுமுன் வாடிவிடும். கடுங்குளிரிலோ அவை வளராமல் ஈரத்தில் அழுகும்.

முதல்நாள் பாத்திக்கு நீர் பாய்ச்சி மண்ணை இளக்கிக்கொள்ள வேண்டும். தண்டுகளை ஒரு சாண் உயரம் விட்டு வெட்டியபின், தூறிலிருந்து ஓரடி தள்ளிச் சுற்றிலும் மண்வெட்டியால் தோண்ட வேண்டும். (தோட்டக்காரர் 'பாவ்டா' என்பது மண்வெட்டியையே, 'குர்பி' என்பது களைக்கொட்டு.) தூறை முழுதாகப் பெயர்த்து மண்ணை உதறினால் மொட்டுகள் கண்ணுக்குப் புலப்படும். கூரிய கத்தியால் துண்டாக்குகையில், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று மொட்டுகளும் சில வேர்களும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மொட்டில்லாத துண்டு எவ்வளவு பருத்திருந்தாலும் பயனற்றது. மென்மையாகிக் கருத்தவற்றையும் கழித்துவிடலாம். வெட்டுவாய் உலரும்வரை ஒருநாள் நிழலில் வைத்து, மட்கிய எரு கலந்த மண்ணில் நான்கு விரல் ஆழத்தில், மொட்டு மேல்நோக்கி இருக்குமாறு நட வேண்டும். துண்டுகளுக்கிடையே ஒன்றரை அடி இடைவெளி தேவை. குருத்து தோன்றும்வரை நீரை அளவாகவே ஊற்ற வேண்டும்.

விதை இருக்கையில் இவ்வளவு உழைப்பு எதற்கு என்று தோன்றலாம். தோட்டக் கல்வாழைகளுள் பெரும்பாலானவை கலப்பினங்கள். அவற்றின் விதையிலிருந்து எழும் செடி தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிரித்து நட்ட செடியோ தாயின் மறுபடியே.

இதே பண்பில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தாய்ச்செடிக்கு நச்சுயிரி நோய் இருந்தால், ஒரு நோய்ச்செடி பத்து நோய்ச்செடிகளாகிவிடும். இலை நரம்புகளை ஒட்டி மஞ்சள் கோடுகளும் திட்டுகளும் தென்பட்டு, செடியும் குன்றியிருந்தால், அது இந்நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். இதற்கு மருந்தில்லை. அத்தகைய தூறைப் பிரிக்காமல் வேரோடு அகற்றுவதே தக்கது. ஆகவே, தண்டுகளை வெட்டுமுன் இலைகளை நன்கு பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டியபின் பார்க்க இலை இராது. ஒரு தூறை வெட்டிய கத்தியைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்த தூறில் வைக்க வேண்டும்.

பெரிய தூறு ஒன்றிலிருந்து பாத்திக்கு வேண்டியதைவிட மிகுதியான துண்டுகள் கிடைக்கும். மிஞ்சியவற்றைச் சாக்குப்பையில் இட்டு நிழலில் வைத்து, அண்டை வீட்டாருக்கோ வேறு பள்ளிக்கோ கொடுக்கலாம். கொடுக்கும்போது பூவின் நிறத்தை ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிட வேண்டும். மண்ணுக்குள் இருந்த தண்டைப் பார்த்து அது சிவப்பா மஞ்சளா என்று சொல்வது அரிது.