கசியும் குடலுக்கு ஒரு மருந்து

வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். தையல் ஓரத்தில் பச்சையும் மஞ்சளுமாய் நீர் கசியத் தொடங்கும். குடலில் போட்ட தையல் விட்டுப்போய், உள்ளே ஓடவேண்டிய நீர் தோலுக்கு வழி கண்டுவிட்டது என்று பொருள். இதைத்தான் ஃபிஸ்டுலா என்கிறார்கள்.

உமிழ்நீர், இரைப்பை அமிலம், பித்தம், கணையநீர் என்று நாளொன்றுக்குச் சுமார் 7 லிட்டர் நம் குடலுக்குள் சுரக்கிறது. அநேகமாக எல்லாவற்றையும் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சிறுகுடலின் மேற்பகுதியில் ஓட்டை விழுந்தால் உப்புச்சத்தும் புரதமும் வெளியே கொட்டிப்போகின்றன. கணையநீர் பட்ட தோல் சில மணி நேரத்தில் புண்ணாகிவிடும். நர்ஸ்கள் ஓட்டையைச் சுற்றி ஜிங்க் ஆக்சைடு தடவி, பை ஒட்டி, அதில் சேர்வதை அளந்து எழுதுவார்கள். நாளுக்கு 500 மில்லியைத் தாண்டினால் கவலைக்குரிய கசிவு.

கரை உடைந்தால் முதலில் மதகை இறக்குவதுபோல, சுரப்பைக் குறைப்பதுதான் மருந்தின் வேலை. 1973இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வுக்கூடத்தில் ரோஜர் கிய்மென் குழுவினர் வளர்ச்சி ஹார்மோனைத் தடுக்கும் பொருளொன்றைச் செம்மறியாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். சொமட்டோஸ்டாட்டின் என்ற அது குடல், கணையச் சுரப்புகளையும் அடக்குவது பின்னர் தெரியவந்தது. ஆனால் ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். சொட்டுச்சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதைப்போலவே செயல்படும், சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் 1982இல் அறிவித்த ஆக்ட்ரியோடைட் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் பாதியளவு ரத்தத்தில் நிற்கும். அதனால் 100 மைக்ரோகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை தோலடியில் ஊசி போட்டாலே போதுமானது.

இந்த ஊசி ஓட்டையை அடைப்பதில்லை. கசிவைக் குறைக்கிறது, அடைபடும் நாட்களையும் குறைக்கக்கூடும். உயிரிழப்பைக் குறைக்கிறது என்பதற்குத் தெளிவான சான்றில்லை. சர்க்கரை ஏறலாம், நாள்பட்டால் பித்தப்பையில் கல் சேரலாம். சில நாட்களில் கசிவு குறையாவிட்டால் நிறுத்திவிடுவதே நியாயம், விலையும் கொஞ்சமல்ல. சீழை வடித்துக் கிருமித்தொற்றை அடக்குவதும், ரத்தக்குழாய் வழியாகவோ குடல் வழியாகவோ ஊட்டம் கொடுப்பதும்தான் முதல் வேலை. இவற்றை விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்பினால் நோயாளி நாளுக்கு நாள் உருகிப்போவார்.

மலிவான மருந்துகளும் கைகொடுக்கின்றன. பேன்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு தரும் லோபெரமைடு குடலின் ஓட்டத்தைத் தணிக்கும். தாகத்துக்கு வெறும் தண்ணீராகக் குடித்தால் உடம்பின் உப்பைக் குடல் இழுத்துக்கொண்டு கசிவு கூடும். மருத்துவர் சொன்ன அளவில் உப்புக்கரைசல் நல்லது. தானாக மூடாத ஓட்டைக்கு மறு அறுவை தேவைப்படும். ஒட்டிக்கிடக்கும் குடல் இளகவேண்டும் என்பதால் அதற்குப் பல மாதம் காத்திருப்பார்கள்.