போர்லி குருமனை: பேயை வளர்த்தவர்கள்

1929-இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘டெய்லி மிரர்’ நாளிதழுக்கு ஒரு கிராமத்துப் பாதிரியார் கடிதம் எழுதினார். செய்தி போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. தாம் குடியிருக்கும் வீட்டில் விளங்காத தொந்தரவுகள் சில இருக்கின்றன, அவற்றை விசாரிக்க அமானுஷ்ய ஆராய்ச்சிக் கழகத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தர முடியுமா என்பதுதான் அவர் கேட்டது. பத்திரிகையோ முதல் வேலையாகத் தன் நிருபரை அனுப்பிவைத்தது. தொடர் செய்திகள் வரத் தொடங்கின. ஜூன் 12-ஆம் தேதி, பத்திரிகையின் ஏற்பாட்டிலேயே, ஹாரி பிரைஸ் என்ற ஆவி ஆராய்ச்சியாளர் வந்து இறங்கினார். உதவி கேட்ட பாதிரியார் ஜூலை 14-ஆம் தேதி மூட்டை கட்டிவிட்டார். அந்த வீட்டுக்கு ‘இங்கிலாந்திலேயே பேய் அதிகம் நடமாடும் வீடு’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது.

வீடு இருந்த ஊர் போர்லி. எசெக்ஸ் மாவட்டத்தின் வட எல்லையில், ஸ்டவர் ஆற்றங்கரையை ஒட்டிய குக்கிராமம். ஹென்றி புல் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் 1863 வாக்கில் அங்கே செங்கல்லால் குருமனை ஒன்றைக் கட்டினார். அவருக்குப் பிள்ளைகள் 14 பேர். குடும்பம் பெருகப் பெருக வீட்டை இழுத்து இழுத்துக் கட்டியதில், கடைசியில் முற்றத்தை மூன்று பக்கமும் சூழ்ந்த, இருபதுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஒழுங்கற்ற கட்டடமாக அது ஆகிவிட்டது. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. விளக்கு மண்ணெண்ணெய், தண்ணீர் கிணறு. வேலையாட்களைக் கூப்பிட அறைக்கு அறை மணி இழுவை இருந்தது. கம்பிகள் சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் ஓடிச் சமையலறைப் பக்கம் வரிசையாகத் தொங்கிய மணிகளில் முடியும். எலிக்கும் அங்கே பஞ்சமில்லை. இந்த மணிக்கம்பியையும் எலியையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு படிக்க வசதியாக இருக்கும்.

கதையின் வேர் ஒரு கன்னியாஸ்திரி. பதினான்காம் நூற்றாண்டில் அந்த இடத்தில் ஒரு மடம் இருந்ததாம். அங்கிருந்த துறவி ஒருவர் பக்கத்து ஊர்க் கன்னியாஸ்திரியைக் காதலித்து, இருவரும் குதிரை வண்டியில் ஓடப் பார்த்துப் பிடிபட்டார்களாம். துறவியைக் கொன்று, அவளை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்களாம். அவள் ஆவி தோட்டத்தில் நடப்பதாகவும், தலையில்லாத வண்டிக்காரர்கள் ஓட்டும் வண்டி ஒன்று இரவில் வருவதாகவும் ஊரில் பேச்சு. புல் குடும்பத்துச் சகோதரிகள் நால்வர் 1900 ஜூலை 28-ஆம் தேதி அந்தி நேரத்தில் அந்த உருவத்தைத் தோட்டத்தில் பார்த்ததாகவும், கிட்டப் போனதும் அது மறைந்துவிட்டதாகவும் சொன்னார்கள்.

அங்கே அப்படியொரு மடம் இருந்ததற்குச் சான்றே இல்லை. அந்த மாதிரிப் பயண வண்டிகள் இங்கிலாந்துக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில். பதினான்காம் நூற்றாண்டுக் காதலர்கள் அதில் ஏறியிருக்க வழியில்லை. சாப்பாட்டு அறையின் ஜன்னல் ஒன்று செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்ததும் கதையில் சேர்ந்துகொண்டது. கன்னியாஸ்திரி வெளியே நின்று முறைத்துப் பார்த்ததால் பாதிரியார் அடைத்துவிட்டாராம். அது சாலையைப் பார்த்த ஜன்னல். போகிற வருகிறவர்கள் கண்ணில் படாமல் சாப்பிட வேண்டும் என்று அடைத்திருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பெரிய குடும்பம், இருட்டான வீடு, நீண்ட மாலைப் பொழுதுகள். பிள்ளைகள் கதை கட்டாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தந்தைக்குப் பிறகு மகன் ஹாரி புல் அங்கேயே பாதிரியாராக இருந்து 1927-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் இந்தியாவிலிருந்து வந்த எரிக் ஸ்மித்தும் அவர் மனைவியும் குடியேறினார்கள். அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. கம்பி அறுந்த மணிகள் அடித்தன, காலடிச் சத்தம் கேட்டது. மிரரின் கதவைத் தட்டியவர்கள் இவர்கள்தான்.

பிரைஸ் வந்த பிறகு நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதுவரை சத்தமும் நிழலுமாக இருந்த தொந்தரவு, அவர் காலடி வைத்ததும் கல்லெறியாக மாறியது. பூச்சாடி பறந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் யாரோ தட்டித் தட்டிச் சேதி சொன்னார்கள். அவர் கிளம்பியதும் இந்தப் புது ரகமெல்லாம் நின்றுபோயிற்று. தமக்கு அப்போதே அவர்மேல் சந்தேகம் வந்ததாக ஸ்மித்தின் மனைவி பின்னாளில் சொன்னார்.

பிரைஸ் ஏமாளி அல்ல. காகித வியாபாரத்தில் விற்பனைப் பிரதிநிதியாகப் பிழைப்பு நடத்தியவர். லண்டன் மந்திர வித்தைக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினர். ஆவிகளைப் புகைப்படம் பிடிப்பதாகச் சொன்ன வில்லியம் ஹோப்பின் வித்தையை, ரகசிய அடையாளமிட்ட தகடுகளைக் கொடுத்து 1922-இல் அம்பலப்படுத்தினார். ஹெலன் டங்கன் என்ற பெண் வாயிலிருந்து வரவழைத்த ‘ஆவிப் பொருள்’ வெறும் மெல்லிய வலைத்துணி என்று 1931-இல் காட்டினார். அதே மனிதர் 1932-இல் ஜெர்மனியின் பிராக்கன் மலையுச்சிக்கு ஒரு வெள்ளாட்டை ஓட்டிப்போய், பழைய மந்திரச் சுவடியில் உள்ளபடி அதை அழகான வாலிபனாக மாற்றும் ‘சோதனை’யைப் பத்திரிகையாளர்கள் சூழ நடத்தினார். ஆடு ஆடாகவே இருந்தது. பொய்யைப் பிடிப்பதும் பிரைஸுக்குத் தலைப்புச் செய்திதான், அதிசயம் காட்டுவதும் தலைப்புச் செய்திதான். போர்லியைப் புரிந்துகொள்ள இந்த இரட்டைக் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

1930 அக்டோபரில் புல் குடும்பத்துக்கு உறவினரான லயனல் ஃபாய்ஸ்டர் பாதிரியாராக வந்தார். கூடவே மனைவி மரியான், ஒரு வளர்ப்பு மகள். கணவரைவிட மரியான் இருபது வயதுக்கு மேல் இளையவர். இவர்கள் இருந்த ஐந்து ஆண்டுகளில் சுமார் 2,000 சம்பவங்கள் நடந்ததாக பிரைஸ் கணக்குச் சொல்கிறார். பாட்டில்கள் பறந்தன, ஜன்னல்கள் உடைந்தன, சாவியே இல்லாத அறைக்குள் குழந்தை பூட்டப்பட்டது, மரியான் கட்டிலிலிருந்து தூக்கி எறியப்பட்டார். பேயோட்ட ஜெபம் செய்த ஃபாய்ஸ்டரின் தோளில் கைமுட்டி அளவு கல் ஒன்று வந்து விழுந்தது. சுவரில் பென்சில் கிறுக்கல்கள் தோன்றின: மரியான் பெயர், உதவி கேட்கும் சொற்கள், விளக்கும் திருப்பலியும் ஜெபமும் வேண்டும் என்று ஒரு மன்றாட்டு. புரியவில்லை, இன்னும் சொல் என்று மரியான் அதன் கீழேயே பதிலும் எழுதினார்.

வந்து பார்த்த ஆய்வாளர்கள் ஒருமித்துச் சந்தேகப்பட்டது மரியானைத்தான். தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பதில் மட்டுமே கருத்து வேற்றுமை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே சொன்ன விளக்கத்தில் பாதி வீட்டு விவகாரம். குடியிருந்த வேறொரு ஆணோடு தமக்கு இருந்த உறவை மறைக்கப் பேயின் மேல் பழி போட்டது உண்டு என்று ஒப்புக்கொண்டார். சில சம்பவங்களைக் கணவரும் ஓர் ஆய்வாளரும் சேர்ந்து செய்ததாக நினைத்தார். மற்றவை நிஜமாகத்தான் தோன்றின என்றும் சொன்னார். தனிமையான ஊரில், வயதான நோயாளிக் கணவரோடு, கிணற்றுத் தண்ணீரும் எண்ணெய் விளக்குமாக வாழ்ந்த ஒரு பெண்ணின் நிலையையும் யோசித்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

1931 அக்டோபரில் பிரைஸ் இன்னும் சிலரோடு ஃபாய்ஸ்டர் வீட்டுக்குப் போனார். விருந்துக்குக் கொண்டுபோன ஒயின் கோப்பையில் ஊற்றியபோது மையாக மாறியிருந்தது. மணிகள் அடித்தன, பாட்டில் ஒன்று மாடிப்படியில் உருண்டு வந்தது. இதெல்லாம் உங்கள் மனைவியின் வேலை என்று பிரைஸ் ஃபாய்ஸ்டரிடம் நேரடியாகவே சொல்லிவிட, மனஸ்தாபமாகிப் போயிற்று. ஆனால் 1940-இல் அவர் வெளியிட்ட ‘இங்கிலாந்தின் மிக அதிகப் பேய் நடமாட்டமுள்ள வீடு’ என்ற நூலில் அந்தத் திட்டவட்டம் கரைந்துபோய், ஃபாய்ஸ்டர் காலமே போர்லியின் பொற்காலமாகிவிடுகிறது. பிரைஸுக்கு எதிரான பலமான சாட்சி, என் கணக்கில், அவரே முன்பு சொன்னதும் எழுதியதும்தான்.

ஃபாய்ஸ்டர் குடும்பம் 1935-இல் வெளியேறியது. 1937 மே மாதம் பிரைஸ் அந்த வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்து, ‘தி டைம்ஸ்’ நாளிதழில் விளம்பரம் கொடுத்து 48 பார்வையாளர்களைச் சேர்த்தார். பெரும்பாலும் மாணவர்கள். வார இறுதியில் வந்து தங்கி, கண்டதைக் குறிக்க வேண்டும். பொருள்களைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம், சுவர்க் கிறுக்கலைச் சுற்றிப் பென்சில் வட்டம். நகர்ந்தால், கூடினால் தெரிந்துவிடும் என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே, எந்த மாதிரி நிகழ்ச்சிக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் கையேட்டையும் அவரே அச்சிட்டு முன்கூட்டிக் கொடுத்தார். எலி ஓடும் பழைய வீட்டில், பென்சிலோடு, ராத்திரி பூராவும், எதற்காவது காத்திருக்கும் இளைஞர்கள்! அப்படியும் பலர் ஒன்றும் காணாமல்தான் திரும்பினார்கள்.

அதன் பிறகு நடந்தவற்றில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை, சான்றுக்குத்தான் குறை. லண்டனில் நடந்த ஆவி அழைப்பில், மாரி லேர் என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி போர்லியில் கொலையுண்டதாகச் சேதி வந்தது. பதினான்காம் நூற்றாண்டுக் கன்னியாஸ்திரி இப்படிப் பதினேழாம் நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்தாள். இன்னொரு ஆவி 1938 மார்ச் 27 இரவு 9 மணிக்கு வீட்டை எரிப்பதாக வாக்களித்தது. எரியவில்லை. பதினோரு மாதம் கழித்து, 1939 பிப்ரவரி 27-ஆம் தேதி, வீட்டைப் புதிதாக வாங்கிய கிரெக்சன் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எண்ணெய் விளக்கு கவிழ்ந்து தீப்பிடித்தது. காப்பீட்டு நிறுவனம் விசாரித்து, வேண்டுமென்றே வைத்த தீ என்று முடிவு கட்டியது. எரியும் வீட்டின் மாடி ஜன்னலில் கன்னியாஸ்திரியைப் பார்த்ததாக ஒரு பெண் சொன்னார். அதை விவரிக்க அவர் ஒரு கினி கட்டணம் கேட்டதாக பிரைஸே எழுதியிருக்கிறார். 1943-இல் நிலவறையைத் தோண்டியதில் இரண்டு எலும்புகள் கிடைத்தன. இளம்பெண்ணுடையவை என்றார் பிரைஸ். பன்றி எலும்பு என்றது ஊர். போர்லி சபையார் இடம் தர மறுக்க, பக்கத்து லிஸ்டன் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவை அடக்கமாயின.

1944-இல் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தபோது ‘லைஃப்’ பத்திரிகையின் புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்றில், இடிந்த வாசலின் முன்னே ஒரு செங்கல் அந்தரத்தில் நிற்கிறது. போர்லி பேயின் கடைசி வேலையாக இருக்கலாம் என்று பிரைஸ் தம் இரண்டாவது நூலில் அதைச் சேர்த்துக்கொண்டார். அப்போது கூடவே நின்ற பத்திரிகை ஊழியர் பின்னர் சொன்னது இதுதான்: சுவருக்கு அந்தப் பக்கம் இடிப்பு வேலைக்காரர் ஒருவர் செங்கற்களை எறிந்துகொண்டிருந்தார், பிரைஸுக்கும் அது தெரியும்.

பிரைஸ் 1948 மார்ச்சில் இறந்தார். அந்த ஆண்டே ‘டெய்லி மெயில்’ நிருபர் சார்லஸ் சட்டன் வாய் திறந்தார். 1929-இல் போர்லியில் தம் தலையில் கல் விழுந்ததும் பிரைஸைப் பிடித்து நிறுத்திச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்ததாகவும், அது முழுக்கக் கற்கள் இருந்ததாகவும் சொன்னார். அமானுஷ்ய ஆராய்ச்சிக் கழகத்தின் எரிக் டிங்வால், கேத்லீன் கோல்ட்னி, டிரெவர் ஹால் ஆகிய மூவர் விசாரணையில் இறங்கினார்கள். இவர்களில் கோல்ட்னி அந்த ஒயின் மையான இரவில் பிரைஸோடு விருந்தில் இருந்தவர். கட்டடமே இல்லாத நிலையில் இவர்கள் விசாரித்தது காகிதங்களை: பிரைஸின் கடிதங்கள், குறிப்புகள், பார்வையாளர் அறிக்கைகள். அவற்றை அச்சான நூல்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். 1956-இல் வெளியான அறிக்கை, சில சம்பவங்களை பிரைஸே போலியாக உண்டாக்கினார் என்றும், மற்றவை பிறர் செய்த போலிகள் அல்லது எலிகள், வீட்டின் கோணல் அமைப்பால் எழும் எதிரொலி போன்ற இயற்கைக் காரணங்கள் என்றும் சொன்னது.

இதற்கும் மறுப்பு வந்தது. ராபர்ட் ஹேஸ்டிங்ஸ் 1969-இல் அதே கழகத்தின் முன் பிரைஸுக்காக வாதாடினார். இறந்தவர் மேல் மூவரும் அளவுக்கு மீறிக் கடுமை காட்டினார்கள் என்ற எண்ணம் இன்னும் சிலருக்கு உண்டு. சட்டன் பத்தொன்பது ஆண்டுகள் ஏன் சும்மா இருந்தார் என்பது நியாயமான கேள்வி. ஆனால் பிரைஸ் குற்றவாளி அல்ல என்று வைத்துக்கொண்டாலும் பேய் உண்டு என்று ஆகிவிடாது. அறுபது எழுபது ஆண்டுகளில் வேறு யாரும் பக்கத்தில் இல்லாமல், கட்டுப்பாட்டோடு பதிவான ஒரு சம்பவம்கூடப் போர்லியில் தேறவில்லை.

பிரைஸின் நூலகமும் காகிதங்களும் இன்று லண்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இந்த விஷயத்தில் உண்மையான ஆர்வமுள்ளவர்கள் போக வேண்டிய இடம் அதுதான். குருமனை இருந்த நிலத்தில் இப்போது தனியார் வீடுகள். போர்லி பக்கம் போகிறவர்கள் எதிரே இருக்கும் பழைய தேவாலயத்தைப் பகலில் பார்த்துவிட்டு வரலாம். நடு இரவில் டார்ச் விளக்கோடு மதில் ஏறிக் குதிப்பவர்களால் அங்கே குடியிருப்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு அவதிப்பட்டுவிட்டார்கள்.