ஜப்பானிய மூளைக்காய்ச்சல்: உடலின் எச்சரிக்கையை வைரஸ் தடுப்பது எவ்வாறு?

ஜப்பானிய மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துள்ள பெற்றோர்க்கு இதனை ஏற்பது எளிதன்று. வேறெங்கோ விலையுயர்ந்த மருந்து கிடைக்கும் என்று எண்ணிக் கடன் வாங்க முற்படுவோரும் உண்டு. மருந்து ஏன் இல்லை, தடுப்பூசி மட்டும் ஏன் பயனளிக்கிறது என்பதை அறிய, இவ்வைரஸின் ஒரு புரதம் நமது செல்லுக்குள் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமது மாவட்டமும் இந்நோயும்

இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955-ஆம் ஆண்டு, வேலூர்ப் பகுதியில். 1990-களில் அன்றைய தென்னாற்காடு மாவட்டச் சிற்றூர்களில் கொசுக்களைத் தொடர்ந்து சேகரித்து, அவற்றில் இவ்வைரஸ் உள்ளதா என்று மதுரையிலுள்ள மத்திய அரசின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் ஆய்ந்தனர். இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசு நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும். அந்தி தொடங்கி இரவில் கடிக்கும். வீராணம் ஏரிப் பாசனத்தில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்கள் நெல்வயல்களாக விரிந்துகிடப்பதை எண்ணினால் காரணம் விளங்கும். கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் வைரஸ் பெருகுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. ஆகவே நோயுற்ற குழந்தையைத் தனிமைப்படுத்தவோ, அக்குடும்பத்தினரிடமிருந்து விலகி நிற்கவோ தேவையில்லை.

செல் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு

புயல் நெருங்கும்போது கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை நாம் அறிவோம். வைரஸ் புகுந்த செல்லும் ஏறத்தாழ அவ்வாறே செய்கிறது. இன்டர்ஃபெரான் என்னும் சமிக்ஞைப் பொருளை அது வெளியிடுகிறது. அருகிலுள்ள செல்கள் அதனை உணர்ந்து, வைரஸ் வந்தாலும் பெருக முடியாதபடி தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்கின்றன. இப்பொருளை 1957-ல் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் ஆகிய இருவர் கண்டறிந்தனர்.

இன்டர்ஃபெரானை உருவாக்கும் ஆணை செல்லின் உட்கருவில் பிறக்க வேண்டும். வைரஸ் நுழைந்த செய்தியைச் சில தூதுப் புரதங்கள் உட்கருவுக்குக் கொண்டுசெல்கின்றன. இவை தாமாக உள்ளே செல்ல இயலாது. சுமந்துசெல்வதற்கென்றே வேறு புரதங்கள் உள்ளன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் தயாரிக்கும் 10 புரதங்களுள் ஒன்றான என்எஸ்5, இந்தச் சுமக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. தூதுப் புரதம் ஏறிச்செல்ல இடம் இல்லாமல் போகிறது. கூண்டு ஏற்றுவது தாமதமாகிறது.

இத்துடன் அது நிற்பதில்லை. பிற செல்கள் வெளியிட்ட இன்டர்ஃபெரான் வந்து சேர்ந்தாலும், வைரஸ் ஏற்கெனவே புகுந்த செல்லில் அச்செய்தி உட்கருவை அடையாதபடி அதே என்எஸ்5 இடைமறிக்கிறது. இவ்வைரஸின் உறவினமான டெங்கு வைரஸிலும் என்எஸ்5 உண்டு. அங்கு அது ஸ்டாட்2 என்னும் மனிதப் புரதத்தைப் பற்றிச் சிதைக்கச் செய்கிறது. எலியின் ஸ்டாட்2 புரதத்தை அதனால் பற்ற இயலாது. சாதாரண எலிகளில் டெங்கு எளிதில் பெருகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் இத்தடை முழுமையானதன்று. தொற்று ஏற்பட்டோருள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் உண்டாகிறது. மற்றவர்களின் உடல் வென்றுவிடுகிறது. ஆனால் மூளை அழற்சி ஏற்பட்டுவிட்டால் 100 பேரில் 30 பேர் வரை உயிரிழக்கக்கூடும். பிழைப்பவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு வலிப்பு, கைகால் முடக்கம், பேச்சுக் குறைபாடு போன்றவை நிலைத்துவிடுகின்றன.

இன்டர்ஃபெரானை ஊசியாகச் செலுத்தலாமே?

இக்கேள்வி நியாயமானதே; மருத்துவர்களும் கேட்டனர். வியட்நாமில் 112 குழந்தைகளிடம் முறையான ஆய்வு நடத்தப்பட்டு, 2003-ல் முடிவு வெளியானது. இன்டர்ஃபெரான் பெற்ற குழந்தைகளுக்குப் பெறாத குழந்தைகளைவிட எந்த நன்மையும் கிடைக்கவில்லை. குழந்தை மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் வைரஸ் மூளையின் நரம்புச் செல்களில் குடியேறிவிட்டிருக்கும். கொசு கடித்து 4 முதல் 14 நாட்களுக்குப் பின்னரே நோய்க்குறிகள் தோன்றுகின்றன. செய்தியைக் கேளாத செல்லுக்கு மீண்டும் அதே செய்தியை அனுப்பிப் பயனில்லை என்று இதனை விளங்கிக்கொள்ளலாம்.

தடுப்பூசி வேறு வழியில் செயல்படுகிறது. அது முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் சுற்றி வருகின்றன. வைரஸ் செல்லுக்குள் புகுவதற்கு முன்பே அதனைப் பற்றிவிடுகின்றன. என்எஸ்5 செல்லுக்குள்தான் உருவாகிறது. வைரஸ் உள்ளே நுழையாவிடில் அப்புரதத்திற்கு வேலையே இல்லை. நோய் பரவும் மாவட்டங்களில் 9 மாதம் நிறைந்தவுடன் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொரு தவணையும் கட்டணமின்றிப் போடப்படுகின்றன. இரண்டாம் தவணையையே பலர் தவறவிடுகின்றனர். குழந்தை நடக்கத் தொடங்கியதும் தடுப்பூசி அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது! அட்டையை எடுத்துப் பார்த்து, விடுபட்டிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கவும்.

காய்ச்சல் வந்துவிட்டால்

காய்ச்சலுடன் குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினாலும், பெற்றோரை அடையாளம் காணாவிட்டாலும், பொருத்தமின்றிப் பேசினாலும், கழுத்து விறைத்தாலும், வலிப்பு வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழைக்கவும். வலிப்பின்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் தண்ணீரோ கரண்டியோ வைப்பது ஆபத்தானது.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை என்பதற்குச் சிகிச்சையே இல்லை என்று பொருளன்று. வலிப்பைக் கட்டுப்படுத்துவதும், மூளை வீக்கத்தைக் குறைப்பதும், மூச்சு தடைப்படாமல் காப்பதும் உயிரைக் காக்கின்றன. இவை மருத்துவமனையில் மட்டுமே இயலும். எவ்வளவு விரைவில் வருகிறீர்களோ அவ்வளவு நன்று.

முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனைக்குப் பல குடும்பங்கள் சம்மதிப்பதில்லை. அதனால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. ஊசி செலுத்தப்படும் இடத்தில் தண்டுவடம் இல்லை, அது மேலேயே முடிந்துவிடுகிறது. காய்ச்சலும் மயக்கமும் பாக்டீரியாவாலும் வரலாம்; அதற்கு மருந்து உண்டு. இரண்டையும் பிரித்தறிய இப்பரிசோதனை பெரிதும் உதவுகிறது. நோயின் தொடக்க நாட்களில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிராது. எனவே முதல் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தபின் மருத்துவர் மீண்டும் மாதிரி கேட்டால் மறுக்க வேண்டாம்.

வீடு திரும்பிய குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் பல மாதங்கள் தேவைப்படலாம். வலிப்பு மருந்தை, வலிப்பு நின்றுவிட்டது என்று தாமாக நிறுத்தாமல், மருத்துவர் கூறும் நாள்வரை கொடுத்து வரவும்.