கட்டியது பிரெஞ்சுக்காரர், நிலைத்தது ஆயி

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஆயி மண்டபம். நாலு பக்கமும் வளைவு வாசல்கள், தூண்கள் எல்லாமே கிரேக்க, ரோமானியப் பாணி. அருகிலேயே ராஜ்நிவாசும் சட்டப்பேரவையும். 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய பிரெஞ்சுக் கோட்டை இருந்த வட்டாரம் இது.

பிரான்சை மூன்றாம் நெப்போலியன் ஆண்டபோது, முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக மண்டபம் எழுந்தது. இன்று அங்கே நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள் வாயில் அந்தப் பேரரசரின் பெயர் வருவதில்லை. ஆயியின் பெயர்தான் வருகிறது.

ஆயி ஒரு தாசி என்கிறது ஊர்க்கதை. உழவர்கரைப் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம், இடிக்கச் சொல்லிவிட்டார். ‘நானே இடிக்கிறேன்’ என்று கேட்டு வாங்கிக்கொண்ட ஆயி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். அதுதான் முத்திரையர்பாளையத்துக் குளம். கல்வெட்டுச் சான்று கேட்பவர்கள் கேட்கட்டும். குடித்த தண்ணீருக்கு நன்றியாக ஊர் சொல்லிவந்த கதை இது. அரசனின் கோபத்தைவிட அவள் கொடை பெரிது என்று ஊர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது.

1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அந்நியர் கட்டியது என்று மண்டபத்தை யாரும் ஒதுக்கவில்லை. மாறாக, அதுவே புதுச்சேரி அரசின் சின்னமானது.

காவலர்களின் சிவப்புத் தொப்பியும் அப்படித்தான். ஒரு காலத்தில் அந்நிய அதிகாரத்தின் அடையாளம்; இன்று அந்தத் தொப்பியைக் கண்டால் ‘பாண்டி வந்தாச்சு’ என்கிறார்கள் பேருந்துப் பயணிகள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் பெயரில் இருந்த வீதி நேரு வீதியானது. கடற்கரைச் சாலையில் சிலை இருக்கிறது, அவ்வளவுதான். ஆளுநரின் வெற்றிகளில் ஊருக்குப் பங்கில்லை. ஆயியின் தண்ணீரில் இருந்தது.

பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஆயியின் கதையைச் சொல்லுங்கள். முத்திரையர்பாளையத்துக்கும் கூட்டிப்போய் அந்தக் குளத்தைக் காட்டுங்கள்.