சமரசத்தின் கிரயம்

அநீதியோடு சமரசம் செய்துகொண்டால் சமாதானம் நிலைக்குமென்று நம்புவோர் அமெரிக்க சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பார்களாக.

தென் ராஜ்யங்களைத் திருப்தி செய்யக் கருதி, 1850-ல் அந்நாட்டுக் காங்கிரஸ், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டமொன்றை இயற்றிற்று. பிடிபட்டவனுக்கு ஜூரி விசாரணை கிடையாது. அவன் சாட்சியமும் செல்லாது. அவனை எஜமானனிடம் ஒப்புவித்தால் கமிஷனருக்கு 10 டாலர். விடுதலை செய்தாலோ 5 டாலரே! நீதியின் தராசுக்கு இதைவிடக் கேடு வேண்டுமா?

1854-ல் பாஸ்டன் நகரில் அந்தோணி பர்ன்ஸ் என்னும் ஒற்றை மனிதனைக் கப்பலேற்றத் துருப்புகள் வீதியில் அணிவகுத்தன. அடிமைத்தனம் தெற்கத்தியார் விவகாரமென்று வாளாவிருந்த வடக்கத்தியார், அது தங்கள் வாசற்படியிலேயே நிற்பதை அன்று கண்டனர். அவ்வாண்டிலேயே கான்ஸாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1820-ம் வருஷத்து ஒப்பந்தத்தைக் குலைத்தது. 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர் அமெரிக்கப் பிரஜைகளாக முடியாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1860-ல் லிங்கன் வெற்றி பெற்றதும் தெற்கு பிரியத் தொடங்கிற்று. 1861 ஏப்ரலில் ஸம்டர் கோட்டையின்மீது பீரங்கிகள் முழங்கின.

ஒவ்வொரு சமரசமும் சில வருஷ அமைதியை வாங்கிற்று. அதன் கிரயத்தைச் செலுத்தியவர்களோ சுமார் 40 லட்சம் அடிமைகள். முடிவில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரரின் உயிரும் வட்டியாயிற்று. அநீதிக்குத் தவணை கொடுப்பவன் கடனைத் தீர்ப்பதில்லை. பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறான்.