சித்தூர் நிலக்கடலையில் ஜப்பானியக் கட்டி

ஜப்பானிய உணவு என்றதும் மீன் நினைவிற்கு வருவது இயல்பு. காய்கறி மட்டுமே மிதக்கும் தெளிந்த சாற்றிலும், உலர்த்திய சூரை மீனின் சீவல்களை ஊறவைத்து இறக்கிய நீர் பெரும்பாலும் அடிப்படையாக இருக்கும். ஆயினும் அந்நாட்டுப் பௌத்த மடங்களில் ‘ஷோஜின் ரியோரி’ எனப்படும் மற்றொரு சமையல் முறை பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகிறது. அதில் மாமிசம், மீன் ஆகியவற்றுக்கு இடமில்லை. வெங்காயமும் பூண்டும்கூட விலக்கப்படும். திருப்பதி வட்டாரத்தில் இத்தகைய விலக்கு பல வீடுகளுக்குப் புதிதன்று.

இச்சமையலைப் பற்றி இப்பகுதியில் வினவுவோர் உண்டாவதற்குக் காரணம் இருக்கிறது. சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டி தொழில் நகரில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இயங்குகின்றன. இசூசு மோட்டார் தொழிற்சாலை அங்கே 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சத்தியவேடு முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் இப்போது சேர்ந்துள்ளது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் இவ்வூர்களில் பால், நெய், தேன் எதுவும் சேராத ‘வீகன்’ உணவை நாடுவோரும் தோன்றியுள்ளனர். இவர்களுக்கு ஏற்ற ஜப்பானிய உணவு ஒன்றின் மூலப்பொருள், இம்மாவட்டங்களின் செம்மண்ணிலேயே விளைகிறது. அது நிலக்கடலை.

ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒகினாவாத் தீவுகளில் நிலக்கடலைப் பாலைக் கெட்டியாக்கி ‘ஜிமாமி டோஃபு’ என்னும் கட்டியைச் செய்கிறார்கள். ‘ஜிமாமி’ என்ற சொல்லுக்கு நிலத்துப் பயறு என்றே பொருள். நிலக்கடலை என்னும் தமிழ்ப் பெயரை மொழிபெயர்த்தது போல் இருக்கிறது. ஜப்பானின் பிற பகுதிகளில் ‘ரக்காசெய்’ என்ற பெயரும் வழங்குகிறது. பூ உதிர்ந்து பிறப்பது என்பது அதன் கருத்து. பூ வாடியபின் சூலகத்தின் காம்பு நீண்டு மண்ணுள் இறங்கிக் காயாவதை வகுப்பில் விளக்கும் ஆசிரியருக்கு இதைவிடச் சுருக்கமான வர்ணனை கிடைப்பது அரிது. மற்றொரு பெயர் ‘நான்கின் மாமே’, அதாவது நான்கிங் நகரத்துப் பயறு. வட ஆர்க்காட்டு மக்கள் மணிலாக் கொட்டை என்றதும் இவ்வகையைச் சேர்ந்ததே. தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர், சென்ற இடமெல்லாம் வேறோர் ஊரின் பெயரைச் சுமந்து சென்றது.

தயாரிக்கும் முறை எளியது. 100 கிராம் பச்சை நிலக்கடலைப் பருப்பை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துத் தோலை நீக்க வேண்டும். 500 மில்லிலிட்டர் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நைய அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து பால் எடுக்க வேண்டும். ஒகினாவாவில் இத்துடன் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தைச் சேர்ப்பர். இங்கு மரவள்ளிக் கிழங்கு மாவு 50 கிராம் போதுமானது. கூவைக் கிழங்கு மாவு கிடைப்பின் அதுவும் ஏற்கும். மாவை ஆறிய பாலிலேயே கட்டியின்றிக் கரைத்துக்கொண்டு, அதன் பின்னரே அடுப்பில் ஏற்றுவது அவசியம். சிறு தீயில் மரக்கரண்டியால் ஓயாமல் கிளற வேண்டும். முதலில் ஏதும் நிகழாதது போல் தோன்றும். சற்று நேரத்தில் அடியில் திரண்டு, பின்னர் முழுவதும் பசைபோல் இழுபடும். அந்நிலையில் நிறுத்திவிடாமல் மேலும் பத்து நிமிடம் கிளறினால்தான் பச்சை வாசனை நீங்கிப் பளபளப்பு உண்டாகும். நனைத்த தட்டில் ஊற்றி ஆறவைத்து வில்லைகளாக வெட்டலாம்.

சோயாப்பாலில் கால்சிய அல்லது மக்னீசிய உப்பை இட்டுப் புரதத்தைத் திரளச் செய்வது சாதாரண டோஃபு. இங்கே திரள்வது புரதமன்று. சுமார் 60 முதல் 70 பாகைச் சென்டிகிரேடு வெப்பத்தில் மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து ஒரு வலையை அமைக்கின்றன. கடலையின் எண்ணெயும் புரதமும் அவ்வலையில் சிக்கி நிற்கின்றன. குளிர்பெட்டியில் நெடுநேரம் வைத்தால் மாவுச்சத்து மீண்டும் இறுகி, கட்டி ரப்பர் போல் ஆகிவிடும். ஆகவே செய்த அன்றே உண்பது நலம்.

இதன்மேல் ஊற்றும் குழம்புக்குச் சோயாச் சாறு, வெல்லம், இஞ்சி ஆகிய மூன்றே வேண்டும். வெல்லத்துக்குச் சித்தூரில் பஞ்சமில்லை. சோயாச் சாற்றின் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருப்பதால், அதைச் சம அளவு நீர் கலந்து பயன்படுத்துவது தகும்.

உடன் உண்பதற்கு ‘ஒகாயு’ என்னும் கஞ்சி. பச்சரிசி ஒரு பங்குக்கு நீர் ஐந்து பங்கு. சிறு தீயில் அதிகம் கிளறாமல் குழையவிட வேண்டும். நோயுற்றோருக்கும் களைத்தோருக்கும் அங்கே இதுவே முதல் உணவு. ஜனவரி 7ஆம் நாள் ஏழு வகைக் கீரைகளிட்டு இக்கஞ்சியைக் காய்ச்சும் வழக்கமும் உண்டு. பொங்கலுக்கு ஒரு வாரம் முந்திய நாள் அது.

சாற்றின் சுவைக்கு மீன் இன்றியமையாததன்று. கொம்பு என்னும் கடற்பாசியின் சுவை குளுட்டமேட்டினால் உண்டாவதை இகேடா கிகுனே 1908இல் கண்டறிந்தார். அதே பொருள் பழுத்த தக்காளியிலும் உண்டு. மதனப்பள்ளிச் சந்தைத் தக்காளியை வெயிலில் உலர்த்தி, உலர்ந்த காளானுடன் கொதிக்கவைத்து வடிகட்டினால், காளானில் உண்டாகும் குவானிலேட்டும் தக்காளியின் குளுட்டமேட்டும் ஒன்றையொன்று மிகுவிக்கும். சுவை கொம்புச் சாற்றை முற்றிலும் ஒத்திராது. ஆனால் வெந்நீரில் உப்பிட்டது போலவும் இராது.

இனி, களப்பணியாளர் வீடுதோறும் எடுத்துரைக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளடாக்சின் நஞ்சே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. இது கல்லீரலில் புற்றுநோயை விளைவிக்கவல்லது. உலக உணவு விதித்தொகுப்பான கோடெக்ஸ், பதப்படுத்துவதற்குரிய நிலக்கடலையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருத்தலாகாது என வரையறுக்கிறது. சாதாரணச் சமையல் வெப்பத்தில் இந்நஞ்சு அழிவதில்லை. எவ்வளவு நேரம் கிளறினாலும் கட்டியில் தங்கிவிடும்.

மானாவாரியில் காய் முற்றும் தறுவாயில் மழை பொய்த்தால் பூஞ்சணம் நிலத்திலேயே காயினுள் புகுகிறது. அறுவடைக் காலத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து பிடுங்கிய காய்களை நனைத்தால் தொல்லை மிகுகிறது. சித்தூர் மாவட்ட விவசாயி இவ்விரண்டையும் அறிந்தவரே. சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, கசப்பவை ஆகிய பருப்புகளில் நஞ்சின் பெரும்பகுதி அடங்கியிருப்பதால், ஊறவைக்குமுன் வெள்ளைத் துணியில் பரப்பிக் கையால் பொறுக்கி நீக்குவது நல்ல பயனைத் தரும். பார்வைக்கு நன்றாக இருப்பவை யாவும் நஞ்சற்றவை என்று இதனால் உறுதி கூற இயலாது. ஆதலின் ஈரம் நன்கு காய்ந்த, நாள்படாத பருப்பையே வாங்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வினோதம் உண்டு. சோயாச் சாற்றையும் மிசோவையும் விளைவிக்கும் ‘கோஜி’ப் பூஞ்சணமான ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே, மேற்கண்ட நச்சுப் பூஞ்சணத்தின் நெருங்கிய உறவினம். நூற்றாண்டுக் கணக்கில் மனிதர் வளர்த்துத் தேர்ந்தெடுத்த இவ்வினம் அஃப்ளடாக்சினை உண்டாக்குவதில்லை. 2006ஆம் ஆண்டு ஜப்பானிய மதுவடிப்புச் சங்கம் இதைத் தேசியப் பூஞ்சணம் என அறிவித்துச் சிறப்பித்தது. இரண்டும் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் வளர்வதால் கண்ணால் பிரித்தறிய முடியாது. சோற்றில் தானே படர்ந்த பூஞ்சணத்தைக் கொண்டு வீட்டில் மிசோ செய்ய முயல்வது அபாயகரமானது. நம்பத்தக்க இடத்தில் வாங்கிய வித்து இல்லையெனில் அம்முயற்சியை மேற்கொள்ளலாகாது.

நிலக்கடலையில் லைசின் குறைவு. அன்றைய உணவில் துவரையோ பச்சைப் பயறோ சோயாவோ சேர்ப்பது அதை ஈடுசெய்யும். பாலையும் முற்றிலும் விட்டவர் பி12 வைட்டமினை மருத்துவர் ஆலோசனைப்படி தனியே பெற வேண்டும். நிலக்கடலை ஒவ்வாதோர் இவ்வுணவைத் தொடவே கூடாது.

பொறுக்கி நீக்கிய பருப்பை மாட்டுக்குப் போடும் வழக்கம் பல வீடுகளில் காணப்படுகிறது. பசு உண்ட நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வெளிப்படும். அப்பாலைக் குடிப்பது குழந்தைகள். செக்குக்கு அனுப்பினாலும் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி, மீண்டும் தொழுவத்தையே அடையும். ஆகவே அதை ஆழமாகப் புதைப்பதே தக்க வழி.